ஆடியில் ஒடிந்த போல்ட்

ஆடி மாதத்தில் மாமனார் வீட்டு வாசலில் போய் நிற்கிற புதுமாப்பிள்ளையிடம் ஒரு காரணம் இருக்க வேண்டும். மனைவியைப் பார்க்க வந்தேன் என்பது காரணம் ஆகாது. வேறு எதற்கும் அவன் வந்திருக்க மாட்டான் என்பது தெருவுக்கே தெரியும்தான். ஆனாலும் கௌரவமான ஒரு பொய் கைவசம் இருந்தால்தான் படியேற முடியும். என் பொய்க்கு ஸ்பேனர் தேவைப்பட்டது. அங்கேதான் வினையே ஆரம்பித்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. வைகாசியில் எங்கள் கல்யாணம். ஆடி பிறந்த அன்று மாமனாரும் மாமியாரும் சங்கரன்கோவிலில் இருந்து சீர்வரிசையோடு ராஜபாளையம் வந்தார்கள். எனக்கு ஒரு வேட்டி சட்டையைக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு என் மனைவி கோமதியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். (நல்ல பேரம்!) ஆடியில் சேர்ந்திருந்தால் சித்திரை வெயிலில் பிள்ளை பிறக்கும், தாய்க்கும் பிள்ளைக்கும் ஆகாது என்பது பெரியவர்கள் கணக்கு. சாமியைப் பார்த்தே தீருவேன் என்று அம்மனே ஆடி மாதம் தவம் கிடக்கிற ஊர் சங்கரன்கோவில். அந்த ஊர்க்காரர்கள் என்னை மட்டும் பஸ் ஏறாதே என்றால் என்ன நியாயம், நீங்களே சொல்லுங்கள்.

பத்தாவது நாள் கோமதியின் இன்லண்ட் லெட்டர் வந்தது. அப்பா சுகம், அம்மா சுகம், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டிருக்கிறது. கடைசி வரி மட்டும் தனியாக நின்றது: ‘அப்பா காரில் தண்ணி ஒழுகுது.’ அதற்குக் கீழே கையெழுத்து. அந்த ஒரு வரியை அன்றைக்கு எத்தனை தடவை படித்தேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள்.

மாமனார் டாக்ஸிக்காரர். பழைய அம்பாசடர் ஒன்றைச் சொந்தமாக வைத்து ஓட்டினார். காரைப் பற்றி அவருக்குத் தெரியாதது கிடையாது. எனக்குத் தெரிந்தது கிடையாது. மெஷின் கம்பெனி ஒன்றில் நான் டிராப்ட்ஸ்மேன். ஒரு போல்ட்டை முன்னாலிருந்து, மேலிருந்து, பக்கவாட்டில் என்று மூன்று விதமாக வரைவேன். அதன் திருகு மரைகளுக்கு மயிரிழை பிசகாமல் கோடு போடுவேன். ஆனால் சொந்தக் கையால் ஒரு போல்ட்டைக் கழற்றியதில்லை. கோமதியோ தெருவில் அத்தனை பேரிடமும் “எங்க வீட்டுக்காரரு இஞ்சினியரு” என்று சொல்லி வைத்திருந்தாள். அதைச் சொல்லும்போது அவள் கழுத்து ஓர் அங்குலம் உயரும். அந்த ஓர் அங்குலம் இறங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு என் தலையில் விழுந்திருந்தது.

அம்மனின் அந்தத் தவத் திருவிழாவான ஆடித் தபசுக்கு இரண்டு நாள் முன்னால் போய் இறங்கினேன். ஊர் ஜேஜே என்று இருந்தது. வாசலில் மாமியார்.

“வாங்க மாப்ள,” என்றார். குரலில் வரவேற்பு பாதி, விசாரணை பாதி.

“மாமா கார்ல தண்ணி ஒழுகுதாமே அத்தை. சரி பண்ணிக் குடுத்துட்டு அடுத்த பஸ்ல போயிரலாம்னு வந்தேன்.”

“அது ஒரு வருசமா ஒழுகுதே,” என்றார் மாமனார், உள்ளேயிருந்து.

கதவுக்குப் பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். யாரோ என்ன யாரோ, அவளேதான்.

மாப்பிள்ளை கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாத வீடு அது. பாவம், மனுஷன் பானட்டைத் திறந்தார், ஸ்பேனர் பெட்டியை எடுத்து வைத்தார், துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். இருபது வருடம் கார் ஓட்டியவர், கார் படம் போடுகிறவனுக்கு எடுபிடி! (அதுவும் நான் போட்டது கார் படம்கூட இல்லை, நூல் மில் மெஷின் படம்.)

ரேடியேட்டர் குழாய் இஞ்சினில் வந்து சேரும் இடத்தில் ஒரு மூடி. அதை மூன்று போல்ட்டுகள் பிடித்திருந்தன. மூடியின் ஓரத்தில்தான் கசிவு. மூன்றையும் இறுக்கினால் தீர்ந்தது என்று முடிவுகட்டினேன். முதல் போல்ட் இறுகியது. இரண்டாவதும் இறுகியது. மூன்றாவதில் ஸ்பேனரைப் போட்டு ஒரு சுற்று சுற்றினேன்.

“போதும் மாப்ள.”

“இன்னும் அரைச் சுத்து வரும் மாமா.”

“வரும், வரும். ஆனா போதும்னு தோணுது.”

நிமிர்ந்தேன். ஜன்னலில் கோமதி. பக்கத்தில் எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர். அவள் கழுத்து உயர்ந்திருந்தது. எனக்கு வேறு வழியே இல்லை. அரைச் சுற்று சுற்றினேன்.

திடீரென்று போல்ட் லேசாகிவிட்டது. ஆகா, கச்சிதமாக உட்கார்ந்துவிட்டது என்று நான் பூரித்துப்போன அந்த அரை நொடியில் இருந்த தன்னம்பிக்கை அதற்குப் பிறகு எனக்கு வாய்க்கவே இல்லை. ஸ்பேனரை எடுத்தேன். கூடவே போல்ட்டின் தலையும் வந்தது. மீதி இஞ்சினுக்குள் நின்றுவிட்டது.

யாரும் என்னைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை. மாப்பிள்ளையைத் திட்ட முடியாத மாமனார், போல்ட்டைத் திட்டினார். அதை விற்ற கடைக்காரனைத் திட்டினார். “இந்தக் காலத்துல இரும்பா விக்கான்? களவாணிப்பய!” என்றார். மாமியார், டம்ளரை உடைத்த குழந்தையிடம் சொல்வதுபோல, “இரும்புதான மாப்ள, ஒடியத்தான் செய்யும்,” என்றார். பூமி பிளந்தால் தேவலை என்றிருந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். விட்டேனா? “இதெல்லாம் சின்ன விசயம் மாமா. மூடியைக் கழட்டிட்டு, ஒடிஞ்ச போல்ட்டு நடுவுல ஓட்டை போட்டா வந்துரும்,” என்றேன். பக்கத்துத் தச்சாசாரியிடம் இருந்து கை டிரில் வந்தது. அரைமணி நேரம் சுற்றினேன். போல்ட்டில் பொட்டளவுக் குழிதான் விழுந்தது, ஓட்டை என் உள்ளங்கையில் விழுந்தது. கடைசியில் ஒரு ‘டிக்’. இப்போது ஒடிந்த போல்ட்டுக்குள் ஒடிந்த டிரில் முனை. மாமியார் உள்ளே போய், கோவில் புற்றுமண்ணைக் குழைத்துக் கொண்டுவந்து பானட்டில் பூசினார். ஊரில் எந்த வியாதிக்கும் அதுதான் முதல் மருந்து. (டிரிலைப் பிடித்திருந்த என் கைக்குப் பூசியிருக்க வேண்டும்.)

தபசன்று விடியற்காலையில் பக்கத்து ஊரான திருவேங்கடத்தில் இருந்து ஒரு குடும்பத்தை ஏற்றி வருவதாக மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். மூடி இல்லாத இஞ்சினை ஓட்ட முடியாது. மீரான் பாயின் வெல்டிங் பட்டறைக்குக் காரைத் தள்ளிக்கொண்டுதான் போயாக வேண்டும். டாக்ஸி ஸ்டாண்டில் இருந்து இரண்டு டிரைவர்கள் வந்தார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டினேன். “ஐயையோ, மாப்ள தள்ளுததா!” என்று மாமியார் பதறினார். என்னைப் பிடித்து ஸ்டியரிங் முன்னால் உட்கார வைத்துவிட்டார்கள்.

ஆக, ஆடி மாதத்தில், தபசுக் கூட்டம் நிறைந்த ரதவீதியில், எனக்கு மாப்பிள்ளை ஊர்வலம் நடந்தது. நான் உள்ளே சட்டை கசங்காமல் உட்கார்ந்திருக்க, பின்னால் மாமனார் வேர்க்க விறுவிறுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார்.

“யாரு அண்ணாச்சி உள்ள?”

“எங்க மாப்ள.”

“ஆடியிலயா?”

மாமனார் தலையைக் குனிந்துகொண்டு இன்னும் பலமாகத் தள்ளினார். டிரைவர்களில் ஒருவர் சொன்னார்: “ஏன் வே, பொண்டாட்டியப் பாக்கணும்னு மனுசனுக்கு இருக்காதா? அதான் போல்ட்ட ஒடிச்சுட்டாரு! இப்பம் ரெண்டு நாளைக்கு யாரு போகச் சொல்ல முடியும்?”

ரதவீதி முழுக்கச் சிரித்தது. கூட்டத்துக்கு வழிவிட்டு நாங்கள் மெதுவாகப் போனோம். அந்தச் செய்தி எங்களுக்கு முன்னாலேயே தெருத்தெருவாகப் போய்விட்டது.

மீரான் பாய் குனிந்து பார்த்தார். “யாரு தொட்டது?” என்றார். மாமனார் என்னைக் கண்ணால் காட்டினார். “மாப்ளையா? சரி, சரி. பலமான கை,” என்று சொல்லிவிட்டு வேலையை ஆரம்பித்தார். ஒடிந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து, அதன் நடுவில் வெல்டிங் வைத்து ஒட்டினார். ஆறவிட்டார். பிறகு ஸ்பேனரைப் போட்டு முன்னும் பின்னும் மெல்ல அசைத்தார். அரைமணி நேரம் என்னோடு மல்லுக்கட்டிய போல்ட், அவர் கையில் சமர்த்தாகச் சுழன்று வெளியே வந்தது.

மாமனார் டீ சொல்லப் போயிருந்த நேரம். மீரான் பாய் போல்ட்டின் தலையைக் கேட்டு வாங்கி, ஒடிந்த பக்கத்தை வெளிச்சத்தில் காட்டினார். பாதி வட்டம் வெள்ளையாக மின்னியது. மீதிப் பாதி துருவேறிக் கறுத்திருந்தது.

“பாத்தீங்களா? கறுத்த பாதி எப்பவோ விரிசல் விட்டுப்போச்சு. அதான் ஒழுகியிருக்கு. போன வருசம் இங்க வச்சு உங்க மாமனாருதான் இத இறுக்குனாரு. இன்னைக்கு யாரு தொட்டிருந்தாலும் ஒடிஞ்சிருக்கும். உங்க மேல தப்பில்ல. அவருகிட்ட நான் சொல்லுதேன்.”

எனக்கு உயிர் வந்தது. இஞ்சினியர் பட்டம் தப்பித்தது! சொல்லுங்க பாய், ரதவீதி முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுங்க என்று வாயெடுக்கப் போனேன். அப்போது தூக்குச்சட்டியோடு கோமதி வந்தாள். ஆடியானாலும் மாப்பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று மாமியாரே அனுப்பியிருந்தார். அவள் முகம் சிவந்திருந்தது. வழியில் எல்லாரும் கேலி பண்ணியிருக்கிறார்கள்.

பக்கத்தில் வந்து, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்: “தண்ணி ஒழுகுதுன்னு எழுதுனதே நீங்க வரணும்னுதான். ஆனா இங்கன இருக்கணும்னு போல்ட்டயே ஒடிப்பீங்கன்னு நான் நினைக்கவே இல்லைங்க.”

அவள் கழுத்தைப் பார்த்தேன். இஞ்சினியர் பெண்டாட்டியாக ஓர் அங்குலம் உயர்ந்தது, இப்போது இரண்டு அங்குலம் உயர்ந்திருந்தது.

சொல்ல வேண்டாம் என்று நான் பாயைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். அவர் ஒரு கணம் யோசித்தார், அவளைப் பார்த்தார், போல்ட்டின் தலையைப் பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டார். “ஆமா கோமதி, கொஞ்சம் கூடுதலாவே இறுக்கிட்டேன்,” என்றேன்.

சாயங்காலம் கார் வீடு திரும்பியது. நான் பையை எடுத்துக்கொண்டு கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினேன். மாமியார் ஆடியை நினைத்து வழிவிட்டு நின்றார். மாமனார் மட்டும், “இருக்கட்டும்டி, தபசு முடிஞ்சு போகட்டும். இப்பம் அனுப்புனா அடுத்த வாரம் வந்து கியர் பாக்ஸக் கழட்டிருவாரு,” என்றார். பானட் பக்கம் போகக் கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு மூன்று நாள் தங்கினேன். தபசன்று மாமனார் சொன்ன நேரத்துக்குத் திருவேங்கடம் போய்விட்டு வந்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் ஒழுகவில்லை.

எங்கள் மூத்தவள் சித்திரையில் பிறந்தாள். குடும்பத்தில் யாருக்கும் விரல்விட்டு எண்ண வேண்டிய தேவையே இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு அதே அம்பாசடரில் வந்த மாமனார், பேத்தியைக் கையில் வாங்கி, “ஏட்டி, போல்ட்டு!” என்று கூப்பிட்டார். அவ்வளவுதான். ஜாதகத்தில் வைத்த பெயர் ஜாதகத்திலேயே தங்கிவிட்டது. வெயிலும் அவளை ஒன்றும் செய்யவில்லை.

அந்தக் கறுத்த பாதியைப் பற்றி இன்றுதான் எழுதுகிறேன். கோமதி படித்தால் படிக்கட்டும், ஒரு வார்த்தை நம்பமாட்டாள்.

போல்ட்டுக்குக் கல்யாணமாகி வந்த முதல் ஆடியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு வாசலில் மாப்பிள்ளை வந்து நின்றார். கையில் ஒரு ஸ்குரூ டிரைவர். “மிக்ஸி ஏதோ சத்தம் போடுதுன்னு அவ சொன்னா, அத்தை...” என்று ஆரம்பித்தார்.

கோமதி அந்த ஸ்குரூ டிரைவரை மெதுவாக வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். “ஒண்ணையும் ஒடிக்க வேண்டாம் மாப்ள,” என்றாள். “சும்மாவே இருந்துட்டுப் போங்க.”