பாதுகாக்கப்பட்ட குளிர்

ஓர் ஆவணப்படம் விருது வாங்கிவிட்டால் அரசு உடனே நடவடிக்கை எடுத்தாக வேண்டும் என்பது எங்கள் தம்யோல் மாவட்டத்தின் உறுதியான கொள்கை. இதற்குமுன் எங்கள் ஊரை யாரும் படமெடுத்ததில்லை என்பதால் கொள்கைக்கு வேலை வந்ததில்லை. சென்ற இலையுதிர்காலத்தில் வந்தது.

படத்தை எடுத்தவர் தலைநகர் சியோலில் இருந்து வந்த நோ ஹேரிம் என்ற அம்மாள். படத்தில் இருந்தவள் சொபியாப். கம்போடியாவிலிருந்து வந்து, பே என்பவரின் பண்ணையில், நாங்கள் சோற்றில் சுருட்டித் தின்னும் எள்ளிலையைப் பறிப்பவள். வயலோரம் கறுப்புத் துணி போர்த்திய பிளாஸ்டிக் கொட்டகைதான் அவளுக்கு வீடு. அதற்கு வாடகையும் உண்டு. தரைக்கடியில் சூடு ஓடாத இடத்தில் எங்கள் ஊர் நாய்கூடப் படுக்காது. போன குளிர்காலத்தில் அவளுடைய இரண்டு கால் நகங்கள் கறுத்து விழுந்தன. இந்தக் குளிர்காலத்துக்குள் தரையைச் சூடாக்க ஒரு பாய்லர் வேண்டும் என்பதுதான் படம் முழுக்க அவள் கேட்டது.

சியோலில் படம் பார்த்தவர்கள் தேம்பித் தேம்பி அழுதார்கள். முதல் பரிசு கிடைத்தது. பண்ணைக்காரர் பேயின் மகளே அப்பாவோடு பேச்சை நிறுத்திவிட்டாள். மனிதர் மானம் போய், மறுவாரமே லாரியில் ஒரு பாய்லரை ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

அதே நேரத்தில் மாவட்டக் கலாச்சாரத் துறைத் தலைவர் க்வாக், பத்து ஆட்களோடும் ஒரு நீளமான பேனரோடும் அங்கே வந்து சேர்ந்தார்.

"நிறுத்துங்க! யாரைக் கேட்டுப் பாய்லர் வைக்கிறீங்க?" என்றார்.

"என் கொட்டகை சார்."

"நேத்து வரைக்கும் உங்க கொட்டகை. இன்னைலேர்ந்து மனித உரிமை நினைவுச் சின்னம். ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது."

ஹேரிம் அம்மாளும் பதறிப்போனார். "ஐயய்யோ, பாய்லர் வேண்டாம்! படத்துல பாய்லர் இல்லையே. பாக்க வர்றவங்க நான் பொய் சொன்னேன்னுல நெனைப்பாங்க!"

சொபியாப் கறுத்த கால்விரலைத் தூக்கிக் காட்டினாள். "சின்னத்துக்குக் காலு மரத்துப்போகுமா சார்?"

"ரொம்ப ஆழமான கேள்வி," என்றார் க்வாக். பிறகு எல்லாரும் பேனருக்குப் பின்னால் நின்று, முஷ்டியை உயர்த்திப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

வாங்கின பாய்லரை வீணாக்கக் கூடாதல்லவா? கொட்டகைக்கு எதிரே பார்வையாளர் ஓய்வறை கட்டி அதில் பொருத்தினார்கள். 'குளிரை உணர்வோம்' என்ற அனுபவத் திட்டமும் தொடங்கியது. மஃப்ளர் கட்டிய எள்ளிலை வடிவப் பொம்மை ஒன்று வாசலில் நின்று கையசைக்கும். வருகிறவர்கள் கொட்டகைக்குள் பத்து நிமிடம் நடுங்கி, கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஓய்வறையின் சுடுதரையில் உட்கார்ந்து யூஜாப் பழ டீ குடிப்பார்கள். உள்ளங்கையில் வைத்துக்கொள்ள ஆளுக்கொரு சூட்டுப் பொட்டலம் இலவசம்.

சொபியாப் அதில் ஒன்றுக்குக் கை நீட்டினாள்.

"அது பார்வையாளருக்கும்மா," என்றாள் வரவேற்புப் பெண். "நீங்க கண்காட்சிப் பிரிவு."

அன்றைக்கே அவள், ஓய்வறையில் க்வாக்கோடும் ஹேரிம் அம்மாளோடும் டீ குடித்துக்கொண்டிருந்த முதலாளியிடம் போனாள். "வேற பண்ணைக்குப் போறேன். கையெழுத்துப் போட்டுக் குடுங்க முதலாளி."

பே, க்வாக்கைப் பார்த்தார். முதலாளியின் கையெழுத்து இல்லாமல் சட்டப்படி அவள் வேறிடத்தில் வேலை செய்ய முடியாது. க்வாக்கின் தலையசைப்பு இல்லாமல் அவர் பேனாவைத் தொட மாட்டார்.

"போறதா?" ஹேரிம் அம்மாள் டீயை வைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ போயிட்டா நாங்க யாரோட உரிமைக்காகடி போராடுறது?"

க்வாக் தலையசைக்கவில்லை.

தைமாதக் கடுங்குளிரில், மாவட்ட அரங்கில் ஹேரிம் அம்மாளின் இரண்டாவது படம் திரையிடப்பட்டது. அரங்கில் அப்படி ஒரு வெக்கை. நாங்கள் எல்லோரும் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டோம். "கொஞ்சம் கொறைக்கச் சொல்லுங்கப்பா, வேர்க்குது," என்று என் பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு தடவை கத்தினார். திரையில் சொபியாப் வாளியில் உறைந்த தண்ணீரைக் கல்லால் உடைத்தாள். அழாதவர் யாரும் இல்லை.

படம் முடிந்ததும் அவளை மேடையேற்றி மைக்கைக் கொடுத்தார்கள்.

"மனசுல இருக்குறதச் சொல்லும்மா," என்றார் ஹேரிம்.

அவள் செருப்பைக் கழற்றி, மேடைப் பலகையில் பாதத்தை வைத்துப் பார்த்தாள்.

"இங்க சூடா இருக்கு," என்றாள். "இன்னைக்கு மட்டும் இங்கயே படுத்துக்கட்டுமா?"

அரங்கம் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டல். எழுந்து நின்று தட்டினோம். "என்ன வசனம்டா இது!" என்று மூக்கை உறிஞ்சினார் பக்கத்து சீட்டுக்காரர். மூன்றாவது படத்துக்குத் தலைப்பு கிடைத்துவிட்டதாக ஹேரிம் க்வாக்கின் காதில் சொன்னார்.

சொபியாப் மட்டும் மைக்கைப் பிடித்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் பதிலுக்குக் காத்திருந்தாள்.

காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் அனுபவத்துக்கு வருகிறார்கள் என்று சொல்லி, க்வாக் அவளை வேனில் ஏற்றிக் கொட்டகைக்கு அனுப்பிவைத்தார். நாங்கள் கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினோம். அன்றைக்கு நானும் நன்றாகத்தான் தட்டியிருக்கிறேன். வீடு போய்ச் சேரும்வரை கை சூடாகவே இருந்தது.