பாவுக்குப் போன கஞ்சி

ஆரணி,
கார்த்திகை மாதம், செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் கொண்ட சசிகலா அக்காவுக்கு, தங்கை பரிமளா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் கை பழகியிருக்கிறது. எழுதினால் முதல் வரியே பொய்யாகிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். அங்கே தேவிகாபுரத்தில் நீயும் மாமாவும் நம் கல்யாணப் பெண் நிலாவும் மூக்கடைப்பு இல்லாமல் இருக்கப் பெரியநாயகி அம்மன் பார்த்துக்கொள்ளட்டும்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நீதான் என் போனை எடுப்பதில்லையே. எடுத்தாலும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் கீரை ஆய்வாய். நான் சொல்வது கூடத்தில் நிலாவுக்குக் கேட்கும், வாசலில் பால்காரருக்கும் கேட்கும். இது உன் ஒருத்தி கண்ணில் மட்டும் படவேண்டிய சமாசாரம். அதனால் அங்கே கோயிலுக்கு வரும் எதிர்வீட்டுக் கன்னியம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாகத்தான் ஒட்டப்போகிறேன். இருந்தாலும் ஓரம் பிரிந்திருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்து வாங்கிக்கொள்.

நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை இவர் பக்கத்தில் இருக்கும்போதுதான் போட்டுத் தொலைத்தேன். "சம்பந்தியம்மா தும்மின பொடவை எம் பொண்ணுக்கு வாணாம். தறியிலேர்ந்து அறுத்துட்டு வேற பாவு போடச் சொல்லு" என்றாயே, அதை முழுக்கக் கேட்டார். கத்தரிக்கோலைத் தேடி எடுத்துவந்து தறி மேல் வைத்தார். "அறுக்கச் சொல்றவங்க வந்து அறுக்கட்டும்" என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். தை மாதம் கல்யாணம். இனிமேல் புதிதாகப் பட்டு வாங்கி, சாயம் போட்டு, பாவு ஏற்றி, முகூர்த்தப் புடவை நெய்து முடிக்க எந்தத் தறிக்காரராலும் ஆகாது. அதனால் அறுக்கச் சொல்வதற்கு முன்னால் இதைக் கடைசி வரைக்கும் படித்துவிடு. அது சகுனத் தும்மல் இல்லை அக்கா. அது மிளகு.

முதலிலிருந்து சொல்கிறேன். இந்த மழையில் சளியை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் சின்னவள் காவ்யா. பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்காருகிறவளிடமிருந்து வாங்கிவந்து, பாடப் புத்தகத்தை விட ஒழுங்காக வீட்டில் எல்லோருக்கும் பங்கு வைத்தாள். அடுத்தது அவள் அண்ணன் ஹேமநாத். பாலிடெக்னிக் படிக்கிற பிள்ளை, அவனுக்குச் சாதாரணச் சளி வருமா? போனில் எதையெதையோ தேடிப் பார்த்து, மத்தியானத்துக்குள் தனக்கு நுரையீரலே போய்விட்டது என்று முடிவு கட்டி, அந்த நிலைமையிலும் பரோட்டா கேட்டான். என் மாமனார் தனக்குச் சளியே இல்லை என்றார். தூசியாம். தோளில் கிடக்கும் துண்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும், வாய் மட்டும் தூசி தூசி என்று சொல்லிக்கொண்டிருக்கும். கடைசியில் இவர். இவர் படுக்கவும் மாட்டார், மருந்து சாப்பிடவும் மாட்டார். பட்டு மேல் ஒரு சொட்டு விழுந்தால் கறை என்பதால் மூக்கோடு சேர்த்து வாயையும் துண்டால் கட்டிக்கொண்டு தறிக்குழியில் இறங்கிவிடுவார். உள்ளேயிருந்து ஏதாவது கேட்பார், எனக்குப் புரியாது, நான் வெந்நீரைக் கொண்டுபோய்க் கொடுத்தால் அது இல்லை என்று கையை ஆட்டுவார்.

நான் நொச்சி இலை பறித்துவந்து ஆவி பிடிக்க வைத்தேன். தூதுவளை ரசம் வைத்தேன், சுக்குத் தட்டிக் கஷாயம் போட்டேன். ஒருத்தருக்கு ஃபேன் வேண்டும், ஒருத்தருக்கு ஃபேன் ஆகாது. காவ்யாவுக்கு மிளகு பல்லில் படக்கூடாது, மாமனாருக்குப் பருக்கையே தொண்டையில் இறங்காது. யாருக்கும் நான் சாப்பிட்டேனா என்று கேட்கத் தோன்றவில்லை. குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். சரி, குறையாகவும்தான் சொல்கிறேன். எனக்குச் சளி வரவில்லை, வர நேரம் கிடைக்கவில்லை. வந்து படுத்துவிட்டால் அடுப்பு எரியாதே என்ற பயத்தில் மூக்குக்குக் கீழே தைலத்தை அப்பிக்கொண்டே திரிந்தேன். அந்தத் தைலத்தை ஞாபகம் வைத்துக்கொள்.

ஒரு நாள் காலையில் மழை விட்டு நல்ல வெயில் அடித்தது. இவருக்கு உடனே பரபரப்பு. பட்டுப் பாவின் நெடுக்கு இழைகளைத் தெருவில் நீளமாக நீட்டிப் பிடித்து, நீர்க்கக் கஞ்சி தெளித்து, காயவைத்துத்தான் தறியில் ஏற்ற வேண்டும் என்பது உனக்கே தெரியும். மழை திரும்ப வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று, "ஜல்தி, ஜல்தி, கஞ்சி எங்க?" என்று வாசலிலிருந்து விரட்டிக்கொண்டிருந்தார். நான் அடுப்பில் இரண்டு குண்டான் வைத்திருந்தேன். இரண்டும் ஒரே கடையில் வாங்கின ஒரே அளவு எவர்சில்வர் குண்டான். ஒன்றில் பாவுக்கு வெறும் அரிசிக் கஞ்சி. இன்னொன்றில் வீட்டு நோயாளிகளுக்கு மிளகு, சீரகம், பூண்டு, உப்பு எல்லாம் போட்ட கஞ்சி. காவ்யாவுக்காக மிளகை மையாக அரைத்துப் போட்டேன். மாமனாருக்காக நன்றாக வடிகட்டினேன். மஞ்சள் ஒரு சிட்டிகை போட்டிருந்தால் நிறத்திலாவது தெரிந்திருக்கும், அதன் வாசனை ஆகாது என்று காவ்யா சொன்னதால் அதுவும் போடவில்லை. உள்ளே மாமனார் வெந்நீர் கேட்க, காவ்யா யூனிஃபார்ம் கேட்க, ஹேமநாத் கடைசி மூச்சு விடுகிறவன் மாதிரி அம்மா என்று இழுக்க, நான் ஒரு குண்டானைத் தூக்கி வாசலில் கொடுத்தேன். எந்தக் குண்டான் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

வாசனை தெரியவில்லையா என்று கேட்பாய். யாருக்குத் தெரியும்? இவருக்கு மூக்கு அடைத்திருக்கிறது. கூடப் பாவு பிடித்த தெருக்காரர்களுக்கும் அதே கதை. எனக்குத் தைலத்தைத் தவிர உலகத்தில் வேறு வாசனையே கிடையாது. மிளகுக் கஞ்சி பாவு முழுக்க அழகாக ஏறி, வெயிலில் மொடமொடவென்று காய்ந்தது. வீட்டுக்குள்ளே உப்பு உறைப்பு இல்லாத தறிக் கஞ்சியை நாலு பேரும் டம்ளர் டம்ளராகக் குடித்தார்கள். நாக்கு செத்துப்போனவர்களுக்கு என்ன தெரியும். மாமனார் மட்டும் காலி டம்ளரை நீட்டி, "இன்னிக்குத்தாம்மா கஞ்சி கஞ்சியா இருக்குது" என்று பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அந்தக் கஞ்சியாலோ, பிடித்த சளி தானாக விட வேண்டிய காலம் வந்ததாலோ, ஒவ்வொருத்தராக எழுந்துவிட்டார்கள். இவருக்கும் மூக்குத் திறந்தது, பேச்சுத் தெளிந்தது. ஆனால் தும்மல் மட்டும் நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்து இழை நெருக்கும் பலகையை நாலு அடி அடித்தால் ஒரு தும்மல். நான் இன்னும் சளி உள்ளே இருக்கிறது என்று கஷாயத்தைக் கூட்டினேன். டாக்டரிடம் அழைத்துப் போனேன், அங்கே உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் ஒரு தும்மல் இல்லை. டாக்டர் என்னைத்தான் ஒரு மாதிரி பார்த்தார். வீட்டுக்கு வந்து தறியில் இறங்கினதும் மறுபடி ஆரம்பம். நூல் கேட்டு வந்த பக்கத்துத் தெரு கோபிநாத் தறி ஓரம் நின்று தும்மினார். ஜன்னலில் படுத்திருந்த பூனை தும்மியது. எங்கள் வீட்டுச் சளி ஊருக்குப் பரவுகிறது என்று கன்னியம்மா முகக்கவசம் போட்டுக்கொண்டு வாசலோடு பேசிவிட்டுப் போக ஆரம்பித்தாள். "பேஜாரா கீதுடி, அடிச்சா தும்மல், நிறுத்துனா நிக்குது" என்று இவர் சொன்னார். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும். நான் தூதுவளை பறிக்கப் போய்விட்டேன்.

இந்த நிலைமையில்தான் உன் சம்பந்தி மணிமேகலையம்மா கண்ணமங்கலத்திலிருந்து வந்து இறங்கினார். முகூர்த்தப் புடவை மாப்பிள்ளை வீட்டுச் சீர், தறியில் இருக்கும்போதே ஒரு தரம் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசை. வரும்போதே முகம் வாடியிருந்தது, பேச்சும் குறைவு. பஸ் அலைச்சல் என்று நினைத்தேன். அரக்குச் சிவப்பையும் பச்சைக் கரையையும் பார்த்ததும் முகம் மலர்ந்தது. இவருக்குப் பெருமை தாங்கவில்லை, நெய்து காட்டுகிறேன் என்று பலகையை வேகமாக அடித்தார். அந்த அம்மா கரையைப் பார்க்கக் குனிந்தார். புடவை மேலேயே ஒரு தும்மல்.

ஒற்றைத் தும்மல் ஆகாது, இரட்டைத் தும்மல் என்றால் தோஷமில்லை. அதனால் நாங்கள் எல்லோரும் இரண்டாவது தும்மலுக்காகக் காத்திருந்தோம். இவர் பலகையைப் பிடித்தபடி காத்திருந்தார். மாமனார் எழுந்து நின்று காத்திருந்தார். நான் அந்த அம்மாவின் மூக்கையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, காபி கூட வேண்டாம் என்று கையை ஆட்டிவிட்டு, நேராகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய்விட்டார். அவர் தெரு முனை திரும்புவதற்குள் நான் பதறிப்போய் உனக்குப் போன் போட்டுத் தும்மலைச் சொல்லிவிட்டேன். கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.

போனை வைத்துவிட்டு, புடவையில் கறை பட்டிருக்கிறதா என்று பார்க்கத் தறி ஓரம் குனிந்தேன். அன்றைக்குத் தைலம் தீர்ந்துபோயிருந்தது. மழைக்காலம் முழுக்க ஒரு தும்மல் தும்மாத நான் அங்கே தொடர்ந்து தும்மினேன். ரச வாசனை வந்தது. பாவில் ஓர் இழையை நாக்கு நுனியில் தொட்டுப் பார்த்தேன். உப்பு, உறைப்பு, கொஞ்சம் பூண்டு. எல்லாம் அளவாகத்தான் இருந்தது. அப்படியே தறி ஓரம் உட்கார்ந்து அழுதேன் அக்கா. இவர் என்னவென்று கேட்டார், சொன்னேன். திட்டப்போகிறார் என்று இருந்தேன். தானும் ஓர் இழையை நாக்கில் தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு சளி இல்ல. இத்தினி கஷாயம் ஊத்துனியேடி" என்றார். அதற்குத்தான் வருத்தம்.

பட்டுக்கு ஒரு கேடும் இல்லை என்று உறுதியாகச் சொல்கிறார். நெய்யும்போதே பொடி உதிர்கிறது, மிச்சம் உதறினால் போய்விடும், பூச்சி கூட அண்டாது என்கிறார். இப்போது முகக்கவசம் போட்டுக்கொண்டு நெய்யத் தயாராக இருக்கிறார், நீ ஒரு வார்த்தை சொன்னால் போதும். கத்தரிக்கோல் இன்னும் தறி மேலேயே இருக்கிறது. சம்பந்தியம்மாவும் உன்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்றால் சகுனம் பார்த்துக் கல்யாணத்தையே யோசிக்கிறார்களோ என்னவோ. என் கைப் பிசகால் நிலாவின் கல்யாணம் நின்றால் நான் உன் முகத்தில் எப்படி முழிப்பேன். அதனால் நீயே கண்ணமங்கலம் போய், இது என் தங்கை செய்த கூத்து, சகுனம் இல்லை என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிடு. என்னைக் கேலி செய்தால் செய்யட்டும். கல்யாணம் நடக்க வேண்டும்.

நேற்றிலிருந்து எனக்கும் சளி. இது மிளகு இல்லை, நிஜமான சளி. நான் படுத்ததைப் பார்த்து வீடு கொஞ்ச நேரம் திகைத்து நின்றது. அப்புறம் இவர் எழுந்துபோய் எனக்குக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். நீர்க்க, உப்பில்லாமல், நன்றாக வடிகட்டின கஞ்சி. அவருக்குத் தெரிந்தது தறிக் கஞ்சிதான். ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

மாமாவுக்கு என் வணக்கங்கள். நிலாவுக்குச் சித்தியின் ஆசீர்வாதம், நெற்றியில் ஒரு முத்தம், சளி போன பிறகு நேரில் கொடுக்கிறேன். இங்கிருந்து எல்லோரும் உங்களை விசாரித்தார்கள், மாமனார் இருமலோடு விசாரித்தார்.

இப்படிக்கு உன் பாசமுள்ள தங்கை,
பரிமளா.

பின்குறிப்பு: கவரை ஒட்டும் நேரத்தில் மணிமேகலையம்மாவே போன் செய்தார், பிரித்து எழுதுகிறேன். கண்ணமங்கலம் போகவேண்டாம், யாரிடமும் எதையும் சொல்லவேண்டாம். தொண்டை கட்டின குரலில் அந்த அம்மா அழுதுவிட்டார். "தப்பா எடுத்துக்காதம்மா, அன்னிக்கு எனக்கு ஒடம்பு சரியில்ல. வூட்ல போவாதன்னாங்க, நாந்தான் கேக்காம வந்து முகூர்த்தப் பொடவை மேல தும்மிட்டேன். உங்க அக்கா இத சகுனம்னு நெனச்சிகினு கல்யாணத்த நிறுத்திடுவாங்களோன்னு பேசவே பயமா இருக்குது" என்றார். நாங்கள் அதையெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்கிற மனிதர்கள் இல்லை என்று சொல்லி நானும் பெரிய மனசு பண்ணி மன்னித்துவிட்டேன். நீயும் போன் செய்து மன்னித்துவிடு. மிளகைப் பற்றி மூச்சு விடாதே. இவ்வளவு எழுதினதைக் கிழிக்க மனம் வரவில்லை, நீ படித்துவிட்டுக் கிழித்துப் போடு. இவர் கத்தரிக்கோலை எடுத்து உள்ளே வைத்துவிட்டுத் தறியில் இறங்கிவிட்டார். அதே பாவில் தனக்கும் ஒரு புடவை வேண்டும் என்று மணிமேகலையம்மா கேட்டார். நான் போனைத் தறிப் பக்கம் நீட்டினேன். இவர் சரி என்று சொல்ல முகக்கவசத்தை இறக்கி வாயைத் திறந்து, அடுத்தடுத்து இரண்டு தும்மல் தும்மினார். ரெட்டைத் தும்மல், நல்ல சகுனம் என்று அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம்.