ஜெரேனியம் தொட்டியும் அக்கா அனுப்பிய நிபுணரும்

அக்டோபர் 14, செவ்வாய்

என் மதிப்புக்கும் பயத்துக்கும் உரிய சியாலா அக்காவுக்கு, தம்பி அன்சோர் எழுதிக்கொள்வது. இங்கே நானும் லமாராவும் மாடும் நலம். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் திபிலீசி நகரத்துப் புகையையும் மீறி நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். மூன்று முறை போன் செய்தேன். மூன்று முறையும், "அந்தப் பொண்ணப் பத்திப் புகார்னா இப்பவே வச்சிடுவேன்" என்று சொல்லி, சொன்னபடியே வைத்தும்விட்டாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார். அதனால் மினிபஸ் ஓட்டும் கோச்சாவிடம் ஒரு ஜாடி பிளம் சட்னியோடு இதைக் கொடுத்தனுப்புகிறேன். சட்னியை எடுத்துக்கொண்டு கடிதத்தை அடுப்பில் போட்டுவிடாதே.

சுருக்கமாகச் சொன்னால், சனிக்கிழமை உன் காரை அனுப்பி, நீ அனுப்பிய ஒயின் நிபுணரைத் திரும்ப அழைத்துக்கொள். இரண்டு வருடமாக என் ஒயின் வினிகராகப் போனது உண்மை. மூன்றாவது வருடமும் அப்படியே ஆனால் அப்பா நட்ட தோட்டத்தைப் பக்கத்து வீட்டு ஜும்பேருக்கு விற்றுவிடுவேன் என்று ஈஸ்டர் விருந்தில் எல்லார் முன்னாலும் நான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டதும் உண்மை. அதற்காக ஆப்பிரிக்காவின் தென்கோடியிலிருந்து ஆள் பிடித்து அனுப்ப வேண்டுமா? அவர்கள் ஊரில் அறுவடை பிப்ரவரியிலாம், அக்டோபரில் சும்மா இருக்கிறாளாம், கெட்டிக்காரியாம். எல்லாம் சரி. எட்டாயிரம் வருடமாக ஒயின் செய்கிற ஊருக்கு ஒயின் சொல்லிக்கொடுக்க ஷார்லின் அம்மாள் ஒரு முதுகுப்பையோடு வந்து இறங்கினாள். இறங்கியதும் வீட்டுக்குள்கூட வரவில்லை. மண்ணில் புதைத்திருக்கும் தாழிகளை ஒவ்வொன்றாகத் திறந்து, மூக்கை உள்ளே விட்டு முகர்ந்து, லமாராவிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிற என் மனைவி அன்று முதல் அவள் கட்சி. "அழுக்குன்னு சொல்றாங்க. மறுபடியும் கழுவணுமாம்" என்றாள். நான் கழுவியிருந்தேன் அக்கா. போன வருடம்.

ஆக, என்னை மூன்றாவது தாழிக்குள் இறக்கினார்கள். முதலில் எரிகிற மெழுகுவர்த்தியைக் கயிற்றில் கட்டி உள்ளே விட்டு, அது அணையவில்லை, உள்ளே விஷவாயு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் ஷார்லின் அம்மாள் இறங்க விட்டாள். அதைக் குறை சொல்ல மாட்டேன். செர்ரி மரப்பட்டைத் தூரிகையால் மணிக்கணக்காகத் தேய்த்தேன். மேலேயிருந்து டார்ச் அடித்து, "அங்க, இல்ல இல்ல, அதுக்குக் கீழ" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நடுவில் லமாரா பரிவோடு நான்கு சீஸ் ரொட்டிகளை உள்ளே இறக்கினாள். அதுதான் தப்பாகிவிட்டது. வெறும் வயிற்றோடு உள்ளே போனவன், நிறைந்த வயிற்றோடு வெளியே வரும்போது தாழியின் கழுத்தில் சிக்கிக்கொண்டேன். கடைசியில் ஜும்பேரைக் கூப்பிட்டார்கள். என் தோட்டத்தை வாங்கக் காத்திருப்பவன், என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கிக்கொண்டே, "டேய், தோட்டத்தோட சேர்த்து நீயும் வருவியா, இல்ல தாழியோடயே இருந்துக்குறியா?" என்று கேட்டான்.

இதைக்கூட மறந்திருப்பேன். அறுவடைக்கு முந்தைய நாள் மாலை விருந்தில் நடந்ததை எப்படி மறப்பது? மறுநாள் திராட்சை பறிக்க வரவேண்டிய பதினான்கு வீட்டுக்காரர்களும் மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். என் ஒயின் வினிகர் என்பதால் ஜும்பேரின் ஒயினைக் கடன் வாங்கி ஊற்றியிருந்தேன். அந்த வெட்கம் தனி. வாழ்த்துச் சொல்லிச் சொல்லிக் கோப்பையை உயர்த்த வைக்கும் விருந்துத் தலைவனும் ஜும்பேர்தான். மூன்றாவது வாழ்த்தாக அவன் எழுந்து, அப்பாவின் பெயரைச் சொல்லி, அவர் இந்த மண்ணில் முதல் கொடியை நட்ட கதையைச் சொல்லி, எல்லார் கண்ணையும் கலங்க வைத்தான். இறந்தவர்களுக்காக ரொட்டியில் நான்கு சொட்டு விட்டுவிட்டு ஒரே மூச்சில் குடித்தோம். ஷார்லின் அம்மாளும் ரொட்டியில் சொட்டு விட்டாள், வாயில் ஊற்றினாள், கன்னத்தை இப்படியும் அப்படியும் உப்பினாள், திரும்பி லமாராவின் ஜெரேனியம் தொட்டியில் பீச்சாங்குழல் மாதிரி துப்பினாள்.

அக்கா, மாடுகூட அசைபோடுவதை நிறுத்திவிட்டது.

ஜும்பேர் கோப்பையைக் கவிழ்த்து வைத்தான். "அன்சோர், உங்கப்பா பேரச் சொல்லிக் குடிச்சத, அதுவும் என் ஒயின, பூந்தொட்டில துப்பிட்டாங்க. நாளைக்குக் கொலை வெட்ட என் கத்தரி உன் தோட்டத்துக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் போனான். மற்ற பதின்மூன்று பேரும் அவன் பின்னாலேயே போனார்கள். இறைச்சியை மட்டும் தின்று முடித்துவிட்டுத்தான் போனார்கள். அந்த அம்மாள் செத்த முகத்தோடு லமாராவின் கையைப் பிடித்துக்கொண்டாள். "அறுவடை நேரத்துல ஒரு நாளைக்கு அறுபது வாய் ருசி பாக்கணும். முழுங்கினா நான் தாழிக்குள்ளதான் கெடப்பேன். இருபது வருசப் பழக்கம், வாய் தானா துப்பிடுது. என் கல்யாணத்துலயும் துப்பிட்டேன்" என்றாளாம். லமாரா சிரிக்கிறாள்! எனக்கு அப்பா முகம்தான் கண்ணில் நின்றது.

விடிந்தால் தோட்டத்தில் நாங்கள் மூன்றே பேர். பழம் கன்னங்கரேலென்று பழுத்துத் தொங்குகிறது. மலைப்பக்கம் ஆலங்கட்டி மேகம் கட்டுகிறது. அந்த அம்மாள் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு பேய் மாதிரி பறித்தாள். அதையும் குறை சொல்ல மாட்டேன். பத்து மணி இருக்கும், வேலிக்கு அந்தப் பக்கம் ஜும்பேர் ஒரு கூஜாவோடு நிற்கிறான். "நேத்து உன் கோப்பை அழுக்கு. அதான் துப்பினாங்க. இது பெரிய தாழி ஒயின். மறுபடியும் ருசி பாக்கச் சொல்லு" என்றான். நிமிராமலே ஷார்லின் அம்மாள் பதில் சொன்னாள், லமாரா உரக்கக் கத்தினாள்: "பறிச்சு முடிஞ்சாதான் ருசி பாப்பாங்களாம்!" ஜும்பேர் கூஜாவை வால்நட் மரத்தடியில் வைத்துவிட்டுக் கத்தரியை எடுத்தான். ஜும்பேர் மட்டும் அவளிடம் நல்ல ஒயின் என்று சான்றிதழ் வாங்கிவிடுவானோ என்று மற்றவர்களுக்குப் பயம், மதியத்துக்குள் மரத்தடியில் பதினான்கு கூஜா, கொடி வரிசையில் பதினான்கு கத்தரி. கடைசிக் கூடை கொட்டகைக்குள் போனதும்தான் ஆலங்கட்டி விழுந்தது.

பிறகு அந்த அம்மாள் பதினான்கையும் வரிசையாக ருசி பார்த்தாள். பதினான்கையும் துப்பினாள். ஒருவருக்கும் கோபம் வரவில்லை, ஏனென்றால் மற்ற பதின்மூன்று பேருடையதும் துப்பப்பட்டிருந்தது. இப்போது ஊரில் ஒரே வழக்கு, யாருடையது அவள் வாயில் அதிக நேரம் இருந்தது என்பதுதான். ஜும்பேர் தன்னுடையதுக்குப் பதினொன்று வரை எண்ணினானாம். எண்ணியவனே அவன்தான்.

எனக்கு மட்டும் விடிவில்லை. ஒரு நாளைக்கு நான்கு தடவை தாழியில் மிதக்கும் திராட்சைத் தோலைக் கட்டையால் உள்ளே அமுக்க வேண்டும். கொட்டகையில் புகை பிடிக்கக் கூடாது. செருப்பைக் கழுவிவிட்டு வா என்கிறாள், என் கொட்டகைக்கு! எல்லாம் செய்கிறேன். பன்னிரண்டு நாளாகக் காலையும் மாலையும் மூன்றாவது தாழியிலிருந்து மொண்டு, வாயில் வைத்து, அதே ஜெரேனியத்தில் துப்புகிறாள். நல்லதாக இருந்தால் ஒரு வாயாவது விழுங்க மாட்டாளா என்று ஒவ்வொரு முறையும் தூணுக்குப் பின்னால் நின்று அவள் தொண்டையையே பார்க்கிறேன். அது அசைவதே இல்லை. மூன்றாம் வருடமும் போயிற்று அக்கா. சொன்ன சொல்லைக் காப்பாற்றி, தோட்டத்தை ஜும்பேருக்கே கொடுத்துவிடுகிறேன். அப்பா மன்னிப்பார். நீயும் மன்னித்துவிடு, சனிக்கிழமை காரை அனுப்பு.

அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தம். உங்கள் மேசையில் ரொட்டியும் உப்பும் வந்தவருக்கு இடமும் என்றும் குறையாதிருக்கட்டும்.

தோற்றுப்போன உன் தம்பி,
அன்சோர்

பி.கு.: கோச்சாவின் மினிபஸ் இரண்டு நாளாகப் பழுது, கடிதம் இங்கேயே கிடந்தது. இன்று வியாழன். காலையில் அந்த அம்மாள் வழக்கம்போல மூன்றாவது தாழியைத் திறந்து மொண்டாள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். லமாராவின் கையிலிருந்த ரொட்டியில் ஒரு துண்டைப் பிய்த்து அதில் நான்கு சொட்டு விட்டு, "உங்க அப்பா பேரு என்ன?" என்று லமாரா மூலம் கேட்டாள். சொலமோன் என்றேன். "சொலமோன்" என்று அவளும் சொல்லிவிட்டுக் குடித்தாள். நான் ஜெரேனியத்தைப் பார்த்தேன். ஒன்றும் வரவில்லை. கோப்பை காலி. தொண்டை அசைந்ததை நானே பார்த்தேன் அக்கா.

"ஏம்மா துப்பல?" என்று கேட்டேன். காலிக் கோப்பையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "மறந்துட்டேன் அண்ணே" என்றாள். நான் வெளியே போய் மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். ஜும்பேர் வேலி வழியே பார்த்துவிட்டான், பார்க்கட்டும்.

காரை அனுப்பாதே. அனுப்பியே தீருவாய் என்றால் நீயே அதில் ஏறி வா, கோப்பை கொண்டு வா. மேலே எழுதியது எதையும் படிக்காதே. வரும்போது ஒரு பூவாளியும் வாங்கி வா. அந்த ஜெரேனியத்துக்கு இனிமேல் நான்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்.