ஒன்பது கார்பன், ஏழு கோடு

கூச்ச சுபாவக்காரர்கள் வாய் திறக்காமல் இருப்பதுதான் எல்லோருக்கும் நல்லது. நான் ஒரே ஒரு முறை திறந்தேன்.

என் மகள் கவிதா மெயின்லேண்டில் எம்.எஸ்சி. வேதியியல் படித்தாள். விடுமுறைக்குப் போர்ட் பிளேர் வந்தவள் திரும்ப வேண்டிய சமயத்தில் கடல் கொந்தளித்து, கப்பலை ரத்து செய்துவிட்டார்கள். புராஜெக்ட் வாய்மொழித் தேர்வை வீடியோ காலிலேயே நடத்தக் கல்லூரி சம்மதித்தது. அதில் தேறினால்தான் பட்டம்.

ஒத்திகைக்குப் பரிசோதகராக நடிக்க என்னைப் பிடித்துக்கொண்டாள். (நான் பத்தாம் வகுப்பு. சாத்தம் கப்பல் ஜெட்டிப் பக்கம் மளிகைக் கடை.) கார்பன் என்.எம்.ஆர். படத்தை விரித்து, "ஒவ்வொரு விதமான கார்பனுக்கும் ஒரு கோடு விழும்ப்பா. ஹைட்ரஜன் ஒட்டாத கார்பனுக்கு மட்டும் கோடு குட்டையா இருக்கும், சில சமயம் தெரியவே தெரியாது" என்றாள். அவள் சொன்னதில் இந்த ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. அந்தப் பெருமையில் கடைத் தராசிடம்கூடச் சொல்லிப் பார்த்தேன்.

தேர்வன்று கதவோரம் நின்றேன். பரிசோதகர் கேட்டார்: "ஒன்பது கார்பன் இருக்குங்கறீங்க. படத்துல ஏழு கோடுதானேம்மா? மீதி ரெண்டு எங்க?"

கவிதா படத்தையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தாள். அதே நேரம் திரையில் அவர் முகமும் அசையாமல் நின்றது. எங்கள் தீவில் இது தினமும் நடப்பது.

"நெட் சலா கயா! போயிடுச்சு!" என்று பாய்ந்தேன். "என்னம்மா முழிக்கிற? அந்த ரெண்டுலயும் ஹைட்ரஜன் இல்லன்னு சொல்லு! புளிச்ச மோர் குடிச்ச மாதிரி மூஞ்சி, இவருக்குப் போய் பயப்படுறியே!"

"அய்யோ அப்பா, தப்பு!" என்று பொங்கிவிட்டாள். "ஹைட்ரஜன் இல்லாத மூணும் இதோ குட்டையா நிக்குதே! பென்சீன் வளையத்துக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. அங்க ரெண்டு ஜோடி கார்பன் இருக்கு, ஜோடிக்கு ஒரே கோடுதான் விழும். அதான் இந்த ரெண்டு கோடும் இவ்ளோ உசரம். எதுவும் காணாமப் போகல! எத்தன தடவ சொன்னேன் உங்களுக்கு!"

"ரொம்ப சரிம்மா" என்றது கம்ப்யூட்டர்.

நின்றது படம் மட்டும்தான். குரல் நிற்கவே இல்லை.

"இதைத்தான் கேட்டேன். அப்புறம், அப்பாகிட்ட சொல்லுங்க. நான் மோரே குடிக்கிறதில்ல."

எப்படிக் கடைக்குப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது. (காலில் இருந்த செருப்பில் ஒன்று என் மனைவியுடையது.) கவிதா நல்லபடியாகத் தேறினாள்.

இப்போதெல்லாம் வீடியோ காலில் யார் முகமாவது உறைந்தால், என் மனைவி முதலில் என் வாயைப் பொத்துகிறாள். இன்னொரு தீவில், ஹட் பேயில் இருக்கும் மச்சான்தான் மோசம். பேசிக்கொண்டே இருப்பவர் திடீரென்று கண்கூட இமைக்காமல் அப்படியே உட்கார்ந்துவிடுகிறார், நான் அவரைப் பற்றி என்ன சொல்கிறேன் பார்க்கலாம் என்று.