வெய்க்கோவின் கட்டுப்பாட்டு அறை

காகித ஆலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுநாள் காலை, முதல் காபி ஆறுவதற்குள், வெய்க்கோ ஒரு பெரிய முடிவுக்கு வந்துவிட்டார். இனி வீட்டை அவரே நிர்வாகம் செய்வார்.

வீடு அதுவரை நன்றாகத்தான் நடந்துகொண்டிருந்தது. அதுதான் அவருக்குச் சந்தேகமாக இருந்தது. யாரும் கண்காணிக்காமல் ஒன்று ஒழுங்காக ஓடுகிறது என்றால் உள்ளே எங்கோ கோளாறு இருக்கிறது. கெமி நகரத்து ஆலையின் கட்டுப்பாட்டு அறையில் காலமெல்லாம் உட்கார்ந்து அவர் கற்றுக்கொண்டது அது. அங்கே சுவர் முழுக்கத் திரைகள். ஒரு சிவப்பு விளக்கு எரிந்தால் பத்துப் பேர் ஓடுவார்கள். வீட்டில் ஓடுவதற்கு இருந்தது ஒரே ஒரு ஆள், மனைவி ரைலி. அவளும் ஓடவில்லை.

முதலில் சமையலறை. அடிக்கடி எடுக்கிற சாமான் கைக்கெட்டும் உயரத்தில், எப்போதாவது எடுப்பது மேல் தட்டில் என்று எல்லாவற்றையும் மாற்றி அடுக்கினார். ஏலக்காய் மேல் தட்டுக்குப் போனது. ரைலி முக்காலி போட்டு ஏறி ஏலக்காயை எடுத்தாள், ரொட்டி மாவில் போட்டாள், மறுபடி ஏறி வைத்தாள். அடுத்தது உருளைக்கிழங்கு. தோலோடு பாதிக் கிழங்கும் போகிறது என்று அவள் முதுகுக்குப் பின்னால் நின்று எடுத்துச் சொன்னார்.

அதற்கும் அடுத்தது பாட்டு. வியாழக்கிழமை மாலைகளில் தேவாலயப் பாடகர் குழுவிலிருந்து நான்கு பெண்கள் பயிற்சிக்கு வீட்டுக்கு வருவார்கள். ரைலியோடு சேர்த்து ஐந்து பேர். பட்டாணி சூப் குடிப்பார்கள், பாடுவார்கள், பாடியதைவிட அதிகமாகச் சிரிப்பார்கள். இத்தனை வருஷம் வெய்க்கோ அந்த நேரம் ஆலையில் இருந்தார். இப்போது ஒரு பென்சிலோடு மேஜை முனையில் உட்கார்ந்து தாளம் தட்டினார். ஹெல்வி என்கிற பெண் ஒவ்வொரு வரியிலும் அரை மாத்திரை பின்தங்குகிறாள் என்று கண்டுபிடித்து அவளிடமே சொன்னார். ஹெல்வி பாட்டின் நடுவிலேயே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டாள். அடுத்த வியாழக்கிழமை யாரும் வரவில்லை. ஐந்து பேருக்கு வைத்த சூப்பை இரண்டு பேர் மூன்று நாள் குடித்தார்கள்.

"நான் உதவிதானே பண்ணேன்?" என்றார் வெய்க்கோ.

"ஆமா."

"அவ தாளம் தப்பினது உண்மைதானே?"

"ஆமா, வெய்க்கோ."

ரைலியின் 'ஆமா'வில் பல ரகம் உண்டு. இத்தனை வருஷத்தில் வெய்க்கோவுக்குத் தெரிந்தது ஒரே ரகம்தான்.

இப்படித் துண்டு துண்டாகத் திருத்திக்கொண்டிருந்தால் ஆகாது என்று அவருக்குப் பட்டது. வீட்டுக்கும் ஒரு கட்டுப்பாட்டு அறை வேண்டும். வெப்பம், மின்சாரம், சமையல், வருவோர் போவோர் எல்லாம் ஒரே திரையில் தெரிய வேண்டும். பின்பக்கத்துச் சின்ன அறையில் ரைலியின் தையல் மெஷின் இருந்தது. அதை நிலவறைக்கு இறக்கினார். புதுக் கம்ப்யூட்டருக்கு பாகம் பாகமாக வரவழைத்தார். கடையிலேயே பூட்டித் தருகிறோம் என்று சொன்ன பையனைப் பார்த்துச் சிரித்தார். ஒரு ஆலையையே ஓட்டியவருக்கு ஒரு தகரப் பெட்டியைப் பூட்டத் தெரியாதா?

பூட்டினார். ஓடியது. வெப்பக் கணக்கை உள்ளே ஏற்றிக்கொண்டிருந்தபோது, ஆகஸ்ட் மாதத்து நல்ல வெயிலில், அது உறைந்துபோனது. திரை அப்படியே நின்றது. சுட்டி அம்பு நடுவில், செத்துப்போன ஈ ஒட்டிக்கொண்ட மாதிரி அசையாமல் கிடந்தது. விசைப்பலகையை அடித்தார், பெட்டியைத் தட்டினார், கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கிப் போட்டார். மறுபடி ஓடியது. கால் மணி நேரம் கழித்து மறுபடி நின்றது.

வெய்க்கோ உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சாப்பாட்டுக்கு மட்டும் வெளியே வந்தார். மென்பொருளையெல்லாம் அழித்துப் புதிதாக ஏற்றினார், கம்பிகளைக் கழற்றி மாட்டினார், இணையத்தில் போர்ச்சுக்கல்காரர் ஒருவரோடு சண்டை போட்டார். ஒரு வாரத்துக்கு மேல் போனபின் விடை கிடைத்தது. உள்ளே மெமரி அட்டைகள் இரண்டு இருந்தன. அதில் ஒன்று சரியாக உட்காரவில்லை. அவர் பூட்டும்போதே முழுக்க அழுத்தவில்லை. ஆனால் அந்தப் பகுதியை அவர் பெரிதுபடுத்தவில்லை. ரைலியைக் கூப்பிட்டார்.

"மெமரிதான் கோளாறு" என்றார்.

"அது எனக்குத் தெரியும். போன செவ்வாய்க்கிழமை என் பிறந்த நாள்."

அவர் காதில் அது விழவில்லை. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறந்து காட்டினார். அட்டையின் முனையில் ஒரு சின்னத் தாழ்ப்பாள். அட்டையை அழுத்தினால் 'டிக்' என்று தாழ்ப்பாள் விழ வேண்டும். "பாத்தியா? இது லேசாத் தூக்கிட்டு நின்னாலே போதும், மொத்த மெஷினும் நின்னுடும். யாருக்கும் ஏன்னு புரியாது." ரைலி குனிந்து பார்த்தாள். இன்னொரு முறை செய்து காட்டச் சொன்னாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து தன் வேலையில் அவள் இவ்வளவு அக்கறை காட்டி அவர் பார்த்ததில்லை. மூன்று முறை செய்து காட்டினார்.

கம்ப்யூட்டர் உறைவது நின்றது. வெய்க்கோ வெளியே வந்தார், கையில் ஒரு வார கால அட்டவணையோடு. தாளில் வண்ண வண்ணமாகக் கட்டங்கள். பாட்டுப் பயிற்சி மறுபடி தொடங்குவதாக இருந்தால் தேவாலயக் கூடத்தில் நடக்கலாம். அங்கே வெப்பச் செலவு சபையினுடையது. ஞாயிற்றுக்கிழமை ரைலி தன் தங்கையோடு போனில் பேசுவதற்கு இருபது நிமிஷம், மஞ்சள் நிறத்தில். ரைலி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். மஞ்சள் நன்றாக இருக்கிறது என்றாள்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் வழக்கம்போல் சவுனா என்கிற நீராவிக் குளியல். ரைலி முதலில் போய்க் குளித்துவிட்டு வந்தாள். அதன்பின் வெய்க்கோ உள்ளே போய், சூடான கல்லின் மேல் தண்ணீரை வாரி வாரி ஊற்றி, வெற்றி பெற்றவரின் நிதானத்தோடு நெடுநேரம் வியர்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை, அட்டவணையில் மஞ்சள் கட்டத்துக்குச் சற்று முன்பாக, கம்ப்யூட்டர் உறைந்துபோனது.

இந்தத் தடவை அவர் மெமரி பக்கம் போகவே இல்லை. அதைத்தான் சரி செய்தாயிற்றே. ஒரு முறை சரி செய்ததில் மறுபடி கோளாறு வருகிறது என்றால் சரி செய்தவர்மேல்தான் குறை என்றாகும். ஆகவே காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். மின்வழங்கிப் பெட்டியைச் சந்தேகப்பட்டார். அதைக் கழற்றிவிட்டுப் பழையது ஒன்றை யாரிடமோ வாங்கி மாட்டினார். விசிறிகளைத் திருப்பி வைத்தார். வேகத்தைக் கூட்டினார், குறைத்தார், தெரியாத இடங்களிலெல்லாம் கைவைத்து அமைப்புகளை மாற்றினார். வானத்தில் துருவ ஒளி பச்சையாக ஆடுகிற இரவுகளில்தான் மெஷின் அதிகம் நிற்கிறது என்று கொஞ்ச நாள் நம்பினார். பக்கத்து வீட்டு ஓஸ்மோ வெல்டிங் செய்வதுதான் காரணம் என்று கொஞ்ச நாள் நம்பினார். ஓஸ்மோ வந்து பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, வாங்கின இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடலாமே என்றார். அதற்குப் பிறகு ஓஸ்மோவை வெய்க்கோ வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

கம்ப்யூட்டர் உறைந்துபோனது தெருவுக்கே தெரிந்தது. வெய்க்கோவுக்குத்தான் ஒன்றும் உறைக்கவில்லை.

ஒன்று மட்டும் அவருக்கு ஆறுதலாக இருந்தது. ரைலி மாறிவிட்டாள். முன்பைவிட அன்பாக இருந்தாள். காபியும் சூடான ஏலக்காய் ரொட்டியும் அறை வாசலுக்கே வந்தன. "இன்னிக்கு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். அவர் விளக்குவார். "பாவம், மறுபடியுமா? விட்டுடாதே" என்பாள். ஏலக்காய் கீழ்த்தட்டுக்குத் திரும்பியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. வியாழக்கிழமைகளில் சுவருக்கு அந்தப் பக்கம் பாட்டுக் கேட்டது. அதில் ஒரு குரல் அரை மாத்திரை பின்தங்கி வந்தது. எழுந்து போய்ச் சொல்லலாம் என்று நினைப்பார். அதற்குள் திரை நின்றுவிடும். இவ்வளவு இணக்கமாக அவர்கள் வாழ்ந்ததே இல்லை என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றியது. அதற்குக் காரணம் தான் ஓய்வு பெற்றதுதான் என்றும் தோன்றியது.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு தேவாலயத்தில் பாட்டு. ரைலிக்கு ஒரு பாடலில் தனியாகப் பாட இரண்டு வரி கிடைத்திருந்தது. வாரம் முழுக்க அந்த இரண்டு வரி வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருந்தது. புறப்படுகிற நேரத்தில் கம்ப்யூட்டர் மதியத்திலிருந்து நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது. இந்தச் சமயத்தில் விட்டுப்போனால் எப்போது நின்றது என்று தெரியாமல் போய்விடும். நீ முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன் என்றார்.

அவள் திரும்பி வந்தபோது கோட்டின் தோள்களில் பனி இருந்தது.

"எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. உன் இடத்துல கையுறையை வச்சிருந்தேன். கடைசி வரைக்கும் வச்சிருந்தேன்."

"நாலு மணி நேரம் நிக்கவே இல்ல, ரைலி."

"அப்படியா" என்றாள். கையுறைகளை அடுப்புக்குப் பக்கத்தில் காயப் போட்டாள். அதன்பின் சில நாட்கள் ரொட்டி வாசலுக்கு வரவில்லை. மாவு விலை ஏறியதுதான் காரணம் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டார்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, கடல் கெட்டித்துக் கார் ஓடுகிற அளவுக்கு உறைந்திருந்த நேரம், சவுனாவிலிருந்து வந்த வெய்க்கோ ஈரத் தலையோடு பெட்டியைத் திறந்தார். மெமரி அட்டையின் தாழ்ப்பாள் திறந்திருந்தது. அட்டை ஒரு பக்கம் லேசாகத் தூக்கி நின்றது. முந்தின நாள் எல்லாவற்றையும் பிரித்துப் பூட்டியபோது அவர்தான் அதை மாட்டினார். தாழ்ப்பாளைப் போட்டார். போட்டது நன்றாக ஞாபகம் இருந்தது.

நாற்காலியில் உட்கார்ந்தார். வீட்டில் இருப்பது இரண்டு பேர். ஆலையில் இதைவிடச் சிக்கலான கோளாறையெல்லாம் அவர் பிடித்திருக்கிறார்.

குளியல் அங்கியோடு சமையலறைக்குப் போனார். ரைலி ரொட்டிகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"ரைலி, நீ அந்தப் பெட்டியைத் தொட்டியா?"

"தொட்டேன்."

அவர் மறுப்பை எதிர்பார்த்து மூன்று கேள்விகள் தயாராக வைத்திருந்தார். மூன்றும் வீணாயின.

"மெமரியைக் கழட்டினியா?"

"கழட்டல. லேசாத் தூக்கி விட்டேன். நீதான் சொல்லிக் குடுத்தே, லேசாத் தூக்கினாப் போதும்னு."

"எதுக்கு?"

ரைலி ஒரு தூரிகையை அடித்த முட்டையில் தோய்த்து ரொட்டிகளின் மேல் தடவினாள். ஒன்று விடாமல் தடவினாள்.

"அன்னிக்கு அந்த அட்டவணையைக் காட்டினே. என் தங்கச்சிக்கு இருபது நிமிஷம் போட்டிருந்தே. அவ புருஷன் போய் அப்ப ஆறு மாசம். அவ அழுது முடிக்கறதுக்கே அது பத்தாது."

"அது சும்மா ஒரு மாதிரிக்குப் போட்டது. நீ சொல்லியிருந்தா மாத்தியிருப்பேன்."

"சொன்னேன். எத்தனையோ தடவை சொன்னேன். நீ எதிர்லயே உக்காந்து கேட்டே." தூரிகையைக் கீழே வைத்தாள். "நீ அந்த அறைக்குள்ள இருந்தாத்தான் நான் இந்த வீட்டுல இருக்க முடியுது, வெய்க்கோ. இதை வேற எப்படிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல."

குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவர் பதில் சொல்லியிருப்பார். சவுனாச் சூடு உடம்பிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. அங்கியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். காலியாக இருந்த ஒரு தேவாலய பெஞ்சு நினைவுக்கு வந்தது. அதன் மேல் ஒரு ஜோடிக் கையுறை. அதைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். ஆனால் அடியில் வேறொன்று மெல்லத் தலை தூக்கியது. சந்தோஷம். அவருடைய மெஷினில் கோளாறே இல்லை. அவர் பூட்டியது சரியாகத்தான் பூட்டியிருந்தார். வெளியிலிருந்து ஒரு கை வந்து கெடுத்திருக்கிறது. வாய் அதைத்தான் சொன்னது.

"அப்ப என் மேல தப்பே இல்ல. அதை ஒத்துக்கோ. அஞ்சு மாசமா நீ வாராவாரம் நான் சவுனாவுல இருக்கறப்ப போய்..."

"வாராவாரமா?"

ரைலி முதல் தடவையாக முழுக்கத் திரும்பி அவரைப் பார்த்தாள். ஜெயித்த முகமாக இல்லை. நீண்ட நாள் நோயாளியிடம் ஒரு செய்தியை எப்படிச் சொல்வது என்று யோசிக்கிறவள் முகமாக இருந்தது.

"ஒரே ஒரு தடவைதான். செப்டம்பர்ல. அடுத்த வாரமும் போய்ப் பாத்தேன், மறுபடி தூக்கி விடலாம்னு. நீ எல்லாத்தையும் பிரிச்சுத் தரையில போட்டிருந்தே. அப்புறம் நான் அந்தப் பக்கமே போகல."

"தாழ்ப்பாள் இன்னிக்குத் திறந்திருந்துச்சே. அப்ப இத்தனை மாசமா அது நின்னது..."

ரைலி ரொட்டித் தட்டை அடுப்புக்குள் தள்ளிக் கதவை மூடினாள்.

"அதுக்கு நான் எதுக்கு, வெய்க்கோ? அதான் நீ இருக்கியே."