எங்கள் குலத்தில் சர்க்கரை கிடையாது

நாமக்கல்,
ஞாயிற்றுக்கிழமை

மேச்சேரியில் வாழும் அன்பு மச்சான் கதிர்வேல் அவர்களுக்கு, கோழிப்பண்ணையிலிருந்து மயில்சாமி வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் தங்கை சௌந்திரமும் கோழிகளும் நலம். அங்கே நீங்களும் என் தங்கை நர்மதாவும் மருமகன் ஈஸ்வரும் ஆடுகளும் நலமாக இருக்க வேண்டும். எங்கள் மகள் யுவஸ்ரீயையும் நலம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

போனில் சொல்லலாம். பேசும்போதே என் நினைப்பு எங்காவது போய்விடும், நீங்களும் லைன் கட்டாகிவிட்டது என்று வைத்துவிடுவீர்கள். வாட்ஸ்அப்பில் போட்டால் கல்யாணத்துக்கு இருக்கிற பெண்ணைப் பற்றிச் சொந்தம் முழுக்கப் பேச்சாகிவிடும். அதனால்தான் கடிதம்.

கல்லூரி முகாமில் ரத்தம் எடுத்து யுவஸ்ரீக்குச் சர்க்கரை என்றார்கள், இருபத்தொரு வயது, காற்றடித்தால் பறந்துவிடும் உடம்பு, பாகற்காய்ச் சாறு பிழிந்து கொடுத்தோம், துணைக்கு நானும் குடித்தேன், என் நாக்கு செத்ததே தவிர அவளுக்குச் சர்க்கரை இறங்கவில்லை, கடைசியில் சேலத்து டாக்டரம்மாவிடம் போனால் அவர் ரத்தத்தில் கிட்னிக்கான அளவும் சரியில்லை என்று வயிற்றை ஸ்கேன் எடுக்க அனுப்பினார். திரையில் வட்ட வட்டமாகக் கருப்பு. ஐப்பசி மழைக்குப் பிறகு மலைமேல் நின்று பார்த்தால் குட்டைகள் தெரியுமே, அப்படி. ஒரு குட்டையில் யுவஸ்ரீ சின்னப் பிள்ளையாகக் கால் நனைக்கிறாள், நான் கரையில் அவள் செருப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "ஏனுங்க, டாக்டர் உங்களத்தான் கேக்கறாங்க" என்று சௌந்திரம் இடித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன்.

"ஒல்லியான பொண்ணு, சின்ன வயசுல சர்க்கரை, கிட்னியில நீர்க்கட்டி. இதெல்லாம் ஒண்ணா இருந்தா பரம்பரையா வர்ற வகையான்னு பாக்கணும். குடும்பத்துல யாருக்காவது இருக்குங்களா?" என்றார் டாக்டரம்மா. நான் நிமிர்ந்து உட்கார்ந்து எங்கள் குலத்தை ஆதியிலிருந்து சொன்னேன். அப்பா, தாத்தா, பெரியப்பா, குலதெய்வக் கோயில் பங்காளிகள் என்று ஒருவரையும் விடவில்லை. "எங்க குலத்துல, எங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் கிடையாதுங்க" என்று முடித்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. ஜீன் பரிசோதனையில் டாக்டரம்மா சந்தேகப்பட்டதே உறுதியாகிவிட்டது. பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பாம். முன்கூட்டித் தெரிந்தால் கிட்னியைக் கவனித்துக்கொள்ள வழி உண்டாம்.

ஆகவே மச்சான், எங்கள் பக்கம் இல்லையென்றால் உங்கள் பக்கத்திலிருந்துதான் வந்திருக்க வேண்டும். பெண் கொடுத்துப் பெண் எடுத்த வீடு என்று இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கோபித்துக்கொள்ளாமல் நீங்கள் வந்து ஸ்கேன் எடுத்துக்கொள்ள வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது. பிள்ளை ஊசி போடும்போது பார்க்க முடியாமல் கொட்டகைக்குள் போய் நின்றுகொள்கிறேன். "வலிக்கலீங்கப்பா, உள்ள வாங்க" என்று அவள்தான் எனக்குத் தைரியம் சொல்கிறாள்.

உங்கள் பக்கம் மழை பெய்து ஆடுகளுக்குப் பச்சை கிடைக்க முருகன் அருளட்டும். நர்மதாவுக்கும் ஈஸ்வருக்கும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
உங்கள் மயில்சாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் சௌந்திரம் படித்துவிட்டாள். "உங்கம்மாவ டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்றாள். அம்மா முப்பது வயதிலேயே சர்க்கரைக்கு ஊசி போட்டவர், கிட்னி கெட்டுத்தான் போய்ச் சேர்ந்தார். "அவுங்க பொறந்தது வேற கூட்டமாச்சே, எங்க கணக்குல வரமாட்டாங்களே" என்றேன். "கோழிக்குஞ்சு எறக்கறப்ப மட்டும் தாய்க்கோழி எந்தப் பண்ணைன்னு கேக்கத் தெரியுதுங்களா?" என்று கேட்டுவிட்டு என்னைச் சேலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடிதம் இத்தனை நாள் மேசைமேலேயே கிடந்தது. என் கிட்னியிலும் நீர்க்கட்டி. ரத்தத்திலும் யுவஸ்ரீக்கு இருக்கிற அதே ஜீன் கோளாறு.

நீங்கள் ஸ்கேன் எடுக்க வேண்டாம் மச்சான், மன்னித்துவிடுங்கள். நர்மதாவைச் சேலத்துக்குக் கூட்டி வாருங்கள். அவளும் அந்த அம்மா வயிற்றில் பிறந்தவள்தானே. ஈஸ்வரும் வரட்டும். இருவரும் காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வரட்டும், ரத்தம் கொடுத்ததும் எல்லோரும் சேர்ந்து சாப்பிடலாம்.