கேட்டில் தொங்கிய வாக்கியம்

அன்றும் கேட்டை மறித்துக்கொண்டு அந்தக் கார் நின்றது. ஸ்கூட்டரை வெளியே எடுக்க முடியாமல் மனைவி ஹெல்மெட்டோடு திரும்பி வந்தாள்.

"இன்னும் ரெண்டு தடவை லேட்டாப் போனா ஆஸ்பத்திரியில என்னை வேலையை விட்டு நிறுத்திடுவாங்க. அது யார் காருன்னு பார்த்து நேர்ல பேசுங்க."

அவருக்கு அதுதான் வராது. வீட்டிலிருந்தபடி இலக்கணப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். எழுதச் சொன்னால் புலி. முன்பின் தெரியாதவரிடம் பேசச் சொன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"எழுதிப் போட்டுடறேன்" என்றார்.

'இது வண்டி வெளியே வரும் வழி' என்று கேட்டில் அட்டை தொங்கியது. மறுநாள் காருக்குத் துணையாக ஒரு வேனும் வந்து நின்றது.

"வெறும் செய்தி வாக்கியம், அதான் உறைக்கலை. கேள்வியாக் கேட்டா யோசிப்பாங்க" என்றார்.

'இங்கே வண்டியை நிறுத்தலாமா?' என்று மாற்றினார். யாரோ அதன் கீழே, 'ஆம், இங்கே வண்டியை நிறுத்தலாம்' என்று பென்சிலால் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

"ஒரு பிழைகூட இல்லை" என்றார், தன்னை மறந்து.

"வண்டியும் நகரலை" என்றாள் மனைவி. பஸ்ஸைப் பிடிக்க ஓடினாள். அன்று மாலை கடைசி எச்சரிக்கையோடு வீடு திரும்பினாள்.

இரவோடு இரவாக அவர் 'வண்டியை உடனே எடு' என்று கட்டளை போட்டார். போதாதென்று, 'ஐயோ, என்ன கொடுமை இது!' என்று இன்னொரு அட்டையில் உணர்ச்சியையும் கொட்டினார். விடிந்ததும் பார்த்தால் தெருவையே அடைத்துக்கொண்டு வேன்கள். ஒன்றும் புரியவில்லை அவருக்கு. மனைவி ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள்.

இனி வேறு வழியில்லை. அவரே இறங்கிப் போய் முதல் வேனின் கதவைத் தட்டினார்.

"தம்பி... இந்த வண்டி..." எழுவாய் வந்துவிட்டது, பயனிலை வர மறுத்தது.

டிரைவர் மரியாதையாகக் கீழே இறங்கினார்.

"அட்டை எழுதறது நீங்கதானா சார்? எதிர்வீட்டு டியூஷன் டீச்சர் உங்களைப் பார்த்தா சொல்லச் சொன்னாங்க. அந்தக் கார் அவங்களோடதுதான். வாக்கிய வகையெல்லாம் பிள்ளைங்க உங்க கேட்டைப் பார்த்துதான் படிக்குதுங்க, அதான் எல்லா வண்டியையும் இங்கேயே நிறுத்தச் சொல்லிட்டாங்க. எதிர்மறை வாக்கியம் மட்டும்தான் பாக்கியாம். நாளைக்குப் பஸ்ஸே வருது, கொஞ்சம் பெரிய எழுத்தா எழுதிடுங்க சார்."